நூலக வகுப்பு மாணவர்களுக்குப் பயன்பட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர், மேலிடம் அறிக்கை கேட்கிறது, சரிதானே? ஆதாரம் தேடக் கற்றுத்தரும் அந்த வகுப்பு முடிந்ததும் நீட்டுகிற கருத்துப் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். நான் அதில் எல்லாவற்றுக்கும் 5 போட்டவன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, படிக்கப் போனேன். முதல் பருவத்தில் ஒரு மணி நேர நூலக வகுப்பு, கடைசியில் பத்துக் கேள்வி. முதன்மை ஆதாரம் (அந்தக் காலத்து நேரடிச் சான்று) எது, துணை ஆதாரம் (அதைப் பற்றிப் பிறகு எழுதியது) எது எல்லாம் சரியாகக் குறித்துப் பத்துக்குப் பத்து. அடுத்த மாதமே தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றது, பற்றி இடுபணி. தலைப்பை முழு வாக்கியமாக நூலகத்தின் கட்டுரைத் தரவுத்தளத்தில் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அப்புறம் என்ன, யாரோ எழுதிய இணையப் பக்கத்தை எடுத்து ஒட்டினேன். தொழிலாளர்கள் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1957-இல் தொடங்கியது என்று அதில் இருந்தது. விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு 1960 என்று திருத்தியிருந்தார். அந்தச் சங்கத்தைத் தொடங்கிய துன் சம்பந்தன் பிறந்த ஊர்க்காரன் நான், வெட்கமாகப் போனது. விடுமுறைக்கு வந்து புலம்பினால், தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சங்கத்து உறுப்பினர் புத்தகத்தை எடுத்துப் போடுகிறார், ஓரமெல்லாம் பூச்சி அரித்து. முதன்மை ஆதாரம் என் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது.

நூலகர்களைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். நானும் இன்று அந்த வேலையில்தான் இருக்கிறேன். (எங்கள் சித்தப்பா இன்னமும் "புத்தகம் அடுக்க எதுக்குப்பா டிகிரி" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பார், அது வேறு கதை.) வகுப்புக்கு முன்னும் பின்னும் தேர்வு வைப்பது தப்பில்லை, ஆனால் அது பெரும்பாலும் ஞாபகத்தைத்தான் அளக்கும். அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்கள் சங்கமே (ACRL) தகவலைத் தேடிப் பயன்படுத்தும் திறனுக்கு 2000-இல் போட்ட 5 தரங்கள், 22 குறியீடுகளை ஓரம் கட்டிவிட்டு, 2016-இல் ஆறு கருத்துகள் கொண்ட சட்டகத்துக்கு மாறிவிட்டது.

என்னைக் கேட்டால், பெயரை மறைத்து இருபது கட்டுரைகளை வாங்கி அவற்றின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எந்த வகை ஆதாரம், அதை உள்ளே உண்மையில் பயன்படுத்தினார்களா, சும்மா அடுக்கினார்களா என்று ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுங்கள். இன்னும் நாலைந்து பேரை உங்கள் முன்னால் உட்கார வைத்து, நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடச் சொல்லுங்கள். முதல் தேடலில் எதுவும் வராதபோது சொல்லை மாற்றுகிறார்களா என்று கவனியுங்கள். விரிவுரையாளர்கள் கட்டுரையைத் தர யோசிப்பார்கள், ஒரு தே தாரேக் (எங்கள் ஊர் ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.