‘ஏக்கர்’ என்ற சொல்லின் வேரும் அதன் உறவுகளும்

ஏக்கர், அக்ரிகல்ச்சர் ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவையா, ஏக்கர் என்பது தொடக்கத்திலிருந்தே நில அளவைத்தான் குறித்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். வேர் ஒன்றுதான்; ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆக்கெர்’ என்று வழங்கிய சொல்லே ஏக்கர் ஆயிற்று. அக்ரிகல்ச்சரோ ‘அகெர்’ என்ற லத்தீன் சொல்லின் வழியாக வந்தது. ஜெர்மன் மொழியின் ‘ஆக்கர்’, கிரேக்கத்தின் ‘அக்ரோஸ்’, ரிக் வேதத்தில் வரும் ‘அஜ்ர’ ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைப் பொருள் வயல் அல்லது திறந்தவெளி நிலம் என்பதுதான்; அளவு என்ற பொருள் பின்னால் வந்தது. லினேக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு ஆளிச்செடி விளைந்த வயல் என்று பொருள். அங்கே பரப்பைப் பற்றிய பேச்சே இல்லை.

வயலைக் குறித்த சொல் இடைக்கால இங்கிலாந்தில் ஏரும் எருதுகளும் ஒரு நாளில் உழக்கூடிய நிலத்தைக் குறிக்கத் தொடங்கியது. இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எட்டு எருதுகள் வரை பூட்டிய கனமான ஏரை அடிக்கடி திருப்புவது பெரும்பாடு என்பதால், நிலத்தை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒரே மூச்சில் நெடுந்தூரம் உழுதுவிட்டுத் திரும்பினார்கள். அப்படி உழுத சாலின் நீளமே பர்லாங்கு. அந்தப் பெயருக்குப் பொருளும் ‘சால் நீளம்’ என்பதுதான். ஒரு பர்லாங்கு என்பது 220 கெஜம். அதை 22 கெஜ அகலத்தால் பெருக்கினால் ஓர் ஏக்கருக்குரிய 4,840 சதுர கெஜம் வந்துவிடும். 43,560 சதுர அடி என்று நாம் மனப்பாடம் செய்யும் எண் இந்த உழவிலிருந்து வந்தது என்பதைப் பள்ளியிலேயே சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

உறவுச் சொற்களில் எதிர்பாராதவையும் உண்டு. ஓக் மரத்தின் கொட்டையைக் குறிக்கும் ‘ஏக்கார்ன்’ இந்த வேரிலிருந்து வந்ததாகவே சொற்பிறப்பியலாளர்கள் கருதுகின்றனர். ஓக், கார்ன் ஆகிய சொற்களின் சாயல் பிற்காலத்தில் அதன் வடிவத்தை மாற்றியது. ‘வயல்களைக் கடந்து’, அதாவது அயலூரிலிருந்து, வந்தவரைக் குறித்த லத்தீன் சொல்லே பயணியைச் சுட்டும் ‘பில்கிரிம்’ ஆனது.

1620-இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர் அறிமுகப்படுத்திய நில அளவைச் சங்கிலியின் நீளம் இதே 22 கெஜம்தான். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் அதுவே. அந்தச் சங்கிலியில் 100 கண்ணிகள் இருந்தன. நம் ஊரின் பழைய நில அளவைப் படங்களில் எல்லைக் கோடுகளின் மேல் லிங்க்ஸ் கணக்கில் எழுதப்பட்ட எண்கள் இந்தக் கண்ணிகளையே குறிக்கின்றன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டால் 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், 100 சென்ட் ஓர் ஏக்கர்.