அதே வகுப்பில் இன்னொரு வருடம்: பையனிடம் என்ன சொல்வது?

பையன் மூன்றாம் வகுப்பையே திரும்பப் படிக்கப் போகிறான், பள்ளி திறக்கும் முன்பே தினமும் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான், அவனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், அந்த வலியை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். குழந்தைகளுக்குப் பயம் பெரும்பாலும் வயிற்றில்தான் வந்து உட்காரும்.

உண்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: வாசிப்பு இன்னும் கைவரவில்லை, அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான். என் மகளுக்கு இப்படி ஆனபோது அவளைக் குடைந்தது பாடமே இல்லை, பழைய தோழிகள் "நீ ஏன் இங்கேயே இருக்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுதான். "வாசிப்பைச் சரி பண்ணிட்டு வரேன், சாயங்காலம் விளையாட வரியா?" என்று ஒரு பதிலைக் கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இரண்டே பேர்தான் கேட்டார்களாம்!

அப்புறம் பள்ளியில் கறாராகப் பேசுங்கள். அதே பாடத்தை அதே மாதிரி நடத்தினால் அதே இடத்தில்தான் மறுபடி தடுக்கும். எழுத்துக்கூட்டுவதில் தடுமாறுகிறானா, வாசித்துவிட்டுப் புரியாமல் நிற்கிறானா என்று கேளுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு உதவி வேண்டும். கண், காது பரிசோதனையோடு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுத்துக்கூட்டுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவது நல்லது, எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

பழைய நண்பர்களை விட்டுவிடாதீர்கள், வார இறுதியில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உறவினர்கள் அவன் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தால், சரி, அப்புறம் பேசலாம் என்று அங்கேயே நிறுத்திவிடுங்கள்.