குன்னூர், கோத்தகிரி பக்கம் சிறுத்தை நடமாடினால் ஏன் உடனே பிடித்து வேறு காட்டில் விடுவதில்லை?

வளர்ந்த சிறுத்தை ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு வட்டாரம் உண்டு. அதைத்தான் வாழிட எல்லை என்கிறார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால், அந்த இடம் பஸ்ஸில் காலியான ஜன்னல் சீட் மாதிரி; இன்னொன்று வந்துவிடும். பிடிபட்ட சிறுத்தையும் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னரில் இப்படி இடம் மாற்றியபோது மனிதர் மீதான தாக்குதல்கள் கூடத்தான் செய்தன.

சரி, வேறு என்ன வழி? கறிக்கடைக் கழிவைத் தேயிலைத் தோட்ட ஓரத்தில் கொட்டினால் தெருநாய்கள் சேரும். அந்த நாய்களைத் தேடித்தான் சிறுத்தை தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசல்வரை வருகிறது. கழிவை நிறுத்துங்கள், அதுதான் முதல் வேலை. ஆட்டுக்கொட்டகைக்கு வேலி மட்டும் போதாது, கூரையும் கதவும் வேண்டும். இருட்டியபின் குழந்தைகளைத் தனியே வெளியே விடாதீர்கள்.

அப்புறம், சிசிடிவியில் தெரிந்த சிறுத்தையை எல்லாம் ‘ஆட்கொல்லி’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள்; பெரும்பாலானவை ஆள் அரவம் கேட்டாலே ஒதுங்கிப் போய்விடும்.