சந்தையைத் திறந்துவிட்டால் மன்னார்குடி நிலம் ஏறுமா?

கேள்வி: அம்பத்தூரில் வேலை பார்க்கிறேன். மன்னார்குடி பக்கம் அப்பாவின் 3 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. இருபோகம். குத்தகையாக ஏக்கருக்கு ஆண்டுக்கு 18,000 ரூபாய் வருகிறது. பக்கத்திலேயே 2 ஏக்கர், ஏக்கர் 12 லட்சம் என்று விலைக்கு வந்திருக்கிறது. கனடாவில் சஸ்காட்சுவானில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர், "இங்கே கோதுமை வாரியத்தின் பிடியை எடுத்ததும் நிலம் எகிறியது. இந்தியாவிலும் தானியச் சந்தையைத் திறந்துவிட்டால் அதேதான் நடக்கும், லாரி வாடகையும் குறையும். கடன் வாங்கியாவது வாங்கிப் போடு" என்கிறார். வாங்கலாமா?

பதில்: அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். உங்கள் மாமா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார், ஆனால் அதற்கான காரணம் வேறு.

மேற்கு கனடாவில் 1943 முதல் கோதுமை வாரியம் ஒன்றுதான் விவசாயியிடம் கோதுமை வாங்கி ஏற்றுமதி செய்ய முடியும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அந்த ஏகபோகம் முடிந்தது. 2013இல் சஸ்காட்சுவானில் விளைநிலத்தின் சராசரி விலை 28.5 சதவீதம் ஏறியது. இதைத்தான் மாமா சொல்கிறார். ஆனால் வாரியம் இருந்த 2011இலேயே நிலம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 2012இல் அமெரிக்காவில் கடும் வறட்சி, தானிய விலை உச்சத்தில் இருந்தது. கனடா மத்திய வங்கியின் வட்டி வெறும் 1 சதவீதம். தானியம் விலை போய், கடனும் மலிவாகக் கிடைத்தால் எந்த ஊரிலும் நிலம் ஏறும். சந்தைச் சீர்திருத்தம் அதில் எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அடுத்து நடந்ததை மாமா சொல்லவில்லை. 2013இல் வரலாறு காணாத விளைச்சல், கோதுமை மட்டும் சுமார் 3.75 கோடி டன். சஸ்காட்சுவான் வயலிலிருந்து வான்கூவர் துறைமுகம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் குளிர்காலத்தில் போதுமான ரயில்கள் வரவில்லை. கிடங்குகள் நிரம்பி வழிந்தன. துறைமுகத்தில் நல்ல விலை இருந்தும் வயல் பக்கத்துக் கிடங்கில் விவசாயிக்குக் கிடைத்த விலை சரிந்தது. 2014 மார்ச்சில் அரசே தலையிட்டு, இரண்டு ரயில் கம்பெனிகளும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. தானியம் ஏற்றுவதில் ரயில் கம்பெனிகள் ஈட்டும் வருமானத்துக்கு 2000 முதலே உச்சவரம்பு இருந்தது. அதனால் துறைமுக விலைக்கும் வயல் பக்கத்து விலைக்கும் இடையில் விழுந்த பணத்தின் பெரும்பகுதி, கிடங்கும் துறைமுக வசதியும் வைத்திருந்த தானியக் கம்பெனிகளிடம் போனது. விவசாயி கையில் தானியம் இருந்தது, அதை நகர்த்த வழி இல்லை. யாரிடம் தட்டுப்பாடான பொருள் இருக்கிறதோ அவர் முதலில் எடுத்துக்கொள்கிறார். நிலத்துக்கு மிச்சம்தான் வரும்.

சரக்குக் கூலி நிலவிலைக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதற்கு அதே நாட்டில் இன்னும் தெளிவான சாட்சி உண்டு. தானியத்தை ரயிலில் ஏற்ற அங்கே நெடுங்காலம் மானியம் இருந்தது. 1995இல் அதை நிறுத்தியபோது 160 கோடி டாலரை நஷ்ட ஈடாகக் கொடுத்தார்கள். யாருக்கு? நில உரிமையாளர்களுக்கு. கூலி ஏறினால் நிலத்தின் மதிப்பு இறங்கும் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் இது.

இப்போது மன்னார்குடிக்கு வருவோம். நம் ஊரில் நெல்லைத் தனியாரிடம் விற்க யாரும் தடுப்பதில்லை. வியாபாரி களத்துக்கே வந்து எடை போட்டு ஏற்றிக்கொண்டு போவது பழைய வழக்கம். தனியார் வாங்குவதை எளிதாக்க 2020இல் வந்து 2021இல் திரும்பப் பெறப்பட்ட வேளாண் சட்டங்கள் பஞ்சாபைக் கொதிக்க வைத்த அளவு டெல்டாவில் உணரப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இருக்கும் பெரிய பிடிமானம் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 2025-26க்குச் சாதா ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஏக்கருக்கு ஒரு போகத்தில் 24 குவிண்டால், அதாவது 40 கிலோ சிப்பம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை திறந்து, போட்டி வந்து, வாடகையில் குவிண்டாலுக்கு 40 ரூபாய் மிச்சமாகிறது, அது முழுக்க உங்களுக்கே வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு போகத்துக்கு 1,920 ரூபாய். ஆண்டுக்கு அவ்வளவு வட்டி வர, 7 சதவீத வைப்பில் சுமார் 27,000 ரூபாய் போட்டால் போதும். ஆக நிலத்தின் மதிப்பில் ஏக்கருக்கு 27,000 கூடலாம். 12 லட்சத்தில் அது இரண்டே கால் சதவீதம்.

எதிர்ப்பக்கத்தையும் போட்டுப் பாருங்கள். கொள்முதல் தளர்ந்து, வியாபாரி 300 ரூபாய் குறைத்துக் கேட்டால் இரண்டு போகத்துக்கு ஏக்கருக்கு 14,400 ரூபாய் போகிறது. உங்கள் குத்தகை 18,000. குத்தகைக்காரர் அடுத்த ஆண்டு என்ன சொல்வார் என்று யோசியுங்கள். விளைபொருள் விற்பனையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களோடு கட்டிப்போட்டிருந்த சட்டத்தை பீகார் 2006இலேயே ரத்து செய்தது. எதிர்பார்த்த தனியார் சந்தைகள் வரவில்லை. அங்கே ஆதார விலைக்குக் கீழே நெல் விற்பது இன்றும் சாதாரணம்.

இன்னொன்று. 12 லட்சத்துக்கு 18,000 என்றால் ஒன்றரை சதவீத வருமானம். இந்த விலையை நெல் தாங்கவில்லை. மனை ஆகலாம் என்ற நம்பிக்கை, சாலை, வெளிநாட்டுப் பணம், தாத்தா நிலத்தை ஒட்டி வாங்கும் ஆசை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன. அவற்றுக்கும் தானியச் சந்தைக்கும் சம்பந்தம் குறைவு.

லாரி வாடகை குறையும் என்பதையும் நான் நம்பவில்லை. சம்பா அறுவடை தை, மாசியில் ஒரே மூச்சில் வந்து விழும். அப்போது எல்லோருக்கும் லாரி வேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் சிப்பங்கள் நாள் கணக்கில் கிடப்பதையும், மழைத் தூறலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிடுமோ என்று மனிதர்கள் வானத்தைப் பார்த்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். மனசு கனக்கும். அந்த வாரங்களில் வாடகையை லாரிக்காரர்தான் சொல்வார். வாங்குபவர் அரசா தனியாரா என்பதால் அது மாறாது. செங்குன்றம் ஆலைக்குப் போகிற நெல்லுக்கு 300 கிலோமீட்டருக்குக் குறையாத பயணம், நடுவே சுமை கூலி இரண்டு முறை. கூலியை உண்மையில் குறைப்பது பக்கத்திலேயே ஆலை, உலர்த்தும் வசதி, கிடங்கு, நீடாமங்கலம் போன்ற இடங்களிலிருந்து சரக்கு ரயில். நெல்லை அரிசியாக்கி ஏற்றினாலே எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

கையில் சேமிப்பு இருந்து, நிலத்தை நிலமாகவே வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு முன் ஒரு சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வாருங்கள். அந்தப் பகுதியில் கடைசியாக விற்ற நாலைந்து வயல்களை வாங்கியவர்கள் யார், உழுகிறார்களா சும்மா போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். வாய்க்காலில் கடைமடை வரை தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் உங்கள் குத்தகைக்காரரிடம், போன மாசியில் நெல் எத்தனை நாள் வாசலில் கிடந்தது, லாரிக்குக் குவிண்டாலுக்கு என்ன கொடுத்தார் என்று விசாரியுங்கள். அவர் சொல்லும் வாடகை முழுக்க மிச்சமானாலும் எவ்வளவு என்று, அந்தத் தொகையை மேலே போட்ட கணக்கில் 40 ரூபாய்க்குப் பதிலாக வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.