280 வாக்கு வித்தியாசம்: தபால் வாக்கு எங்கே தவறிப்போகும்?

கேள்வி: அரிசோனாவில் குடியுரிமை பெற்று முதல்முறையாக வாக்களிக்கப் போகிறேன். 2022 அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) தேர்தலில் 511 ஆக இருந்த வித்தியாசம் மறு எண்ணிக்கையில் 280 ஆனது எப்படி? என் தபால் வாக்கு வீணாகாமல் இருக்க என்ன செய்யவேண்டும்?

பதில்: 25 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் கிரிஸ் மேயஸ், குடியரசுக் கட்சியின் ஏப் ஹமாதேயை வென்றார். வித்தியாசம் அரை சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அங்கே மறு எண்ணிக்கை தானாகவே நடக்கும். யாரும் மனுப்போட வேண்டியதில்லை. மாற்றத்தின் பெரும்பகுதி பினால் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) வந்தது. முதல் எண்ணிக்கையில் அங்கே சுமார் 500 வாக்குகள் விடுபட்டிருந்தன. அவற்றில் ஹமாதேக்கு விழுந்தவையே அதிகம் என்பதால் வித்தியாசம் குறைந்தது. குறி மங்கலாக இருந்தால், அந்தப் பதவிக்கு வாக்கே இல்லை என்று இயந்திரம் கடந்துவிடும். அப்படிப்பட்ட வாக்குச்சீட்டுகளை ஆள் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். அதில் நேர்ந்த குறையும் விடுபட்டதற்கு ஒரு காரணம். மனிதத் தவறு என்று கவுண்டியே ஒப்புக்கொண்டது.

ஆகவே வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள நீள்வட்டத்தை நீல அல்லது கறுப்புப் பேனாவால் முழுதாக நிரப்புங்கள். டிக் போடுவதும் சுற்றி வளையம் போடுவதும் வேண்டாம். தவறாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாமல் வேறு சீட்டு கேட்டு வாங்குங்கள்.

நம்மவர்கள் மிகவும் கவனிக்கவேண்டியது கையெழுத்து. வாக்குச்சீட்டை வைத்து அனுப்பும் உறையில் உள்ள கையெழுத்தை உங்கள் வாக்காளர் பதிவில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். அந்த மாதிரி பெரும்பாலும் ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது போட்டதாக இருக்கும். அங்கே ஆங்கிலத்தில் போட்டுவிட்டு உறையில் தமிழில் போட்டால் சந்தேகம் எழும். கணவனும் மனைவியும் உறையை மாற்றிக் கையெழுத்திடுவதும் அடிக்கடி நடப்பதுதான். கையெழுத்து பொருந்தாவிட்டால் தேர்தலுக்குப் பின்னும் சரிசெய்ய சில நாள் அவகாசம் உண்டு. கையெழுத்தே இல்லையென்றால் தேர்தல் நாள் இரவு 7 மணியோடு சரி. உறையில் தொலைபேசி எண் எழுதியிருந்தால் தேர்தல் அலுவலகம் உடனே அழைத்துக் கேட்க எளிதாக இருக்கும். தெரியாத எண் என்று அந்த அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள்.

சீட்டும் அதே இரவு 7 மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். தபால் முத்திரைத் தேதி செல்லாது. ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். தாமதமானால் வாக்குப்பெட்டியில் நேரில் போடுங்கள். ஆனால் கடைசி நாளில் வந்த உறைகளின் கையெழுத்துச் சோதனை அதன்பிறகே தொடங்கும். 2022இல் மரிகோபா கவுண்டியில் மட்டும் அப்படிச் சுமார் 2,90,000 உறைகள் வந்தன. முதல் இரவின் முன்னிலை பிறகு மாறுவது இதனால்தான். அதை மோசடி என்று நினைக்கவேண்டாம்.