கேனோனெட் ஷட்டர்: பிரிப்பதற்கு முன்

தாத்தாவின் கேனோனெட் க்யூஎல்17 ஃபிலிம் கேமராவில் ஷட்டர் பட்டன் அழுந்தவே இல்லை, பிரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். லென்ஸைச் சுற்றியுள்ள துளை அளவு வளையம் 'ஏ'யில் (ஆட்டோ) இருந்து பேட்டரியும் இல்லையென்றால் பட்டன் தானே பூட்டிக்கொள்ளும். வளையத்தை எஃப்8 என்ற எண்ணுக்குத் திருப்பி, ஃபிலிம் நகர்த்தும் லீவரை இழுத்து அழுத்திப் பாருங்கள்.

அழுந்தியும் லென்ஸுக்குள் இருக்கும் ஷட்டர் இதழ்கள் திறக்கவில்லையா? பழைய எண்ணெய் பிசுபிசுத்துவிட்டது. முன் லென்ஸைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு மட்டும் தொட்டு இதழ்கள் மேல் வையுங்கள். ஷட்டரை இயக்கி, காயவிட்டு, மறுபடியும் செய்யுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். புதிதாக எண்ணெய் விடவே விடாதீர்கள்.

வியூஃபைண்டருக்குள் பாதி வெள்ளி பூசிய கண்ணாடியைத் தேய்க்காதீர்கள், பூச்சு உரிந்துவிடும். எனக்கு அப்படி ஒன்று போனது, இன்றும் மனசு ஆறவில்லை.

அப்புறம், நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். டிரை கேபினெட்டில் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) வையுங்கள்.