ரத்தக்குழாய் கிழிந்த மாரடைப்பு: ஸ்டென்ட் வைக்காதது சரியா?

கேள்வி: எனக்கு 39 வயது. சர்க்கரை, பி.பி., கொலஸ்ட்ரால் எதுவும் கிடையாது. இரண்டு மாதம் முன்பு மாரடைப்பு வந்தது. ஆஞ்சியோகிராம் பார்த்துவிட்டு, “கொழுப்பு அடைப்பு இல்லை, ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது” என்றார்கள். ஸ்டென்ட் வைக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது வலி இல்லை. வேறு மருத்துவமனைக்குப் போய் ஸ்டென்ட் வைத்துக்கொள் என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். போகட்டுமா? மூன்று வயது மகனைத் தூக்கலாமா?

பதில்: ஸ்டென்டுக்காக எங்கும் போக வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் மருத்துவர் செய்ததுதான் முறையான சிகிச்சை.

வழக்கமான மாரடைப்பில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். உங்களுக்கு நடந்தது வேறு. இதயத் தமனியின் சுவர் அடுக்கடுக்கானது. அந்த அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் கசிந்து தேங்க, சுவர் உள்பக்கமாகப் புடைத்துப் பாதையை நெரித்துவிட்டது. மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஸ்கேட்’ என்பார்கள். இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பலருக்கு உங்களைப்போல சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ இருப்பதில்லை. கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் வரும் மாரடைப்புக்கு இது முக்கியமான காரணம். கடும் மனஅழுத்தமும் உடலை வருத்தும் வேலையும் தூண்டிவிடலாம்.

சரி, ஸ்டென்ட் ஏன் வேண்டாம்? தேங்கிய ரத்தத்தை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குழாய் தானாக ஆறிவிடுகிறது. அதற்குள் கை வைத்தால், உள்ளே செலுத்தும் மெல்லிய கம்பி சரியான பாதையை விட்டுக் கிழிசலுக்குள் புகுந்துவிடலாம். பலூனை விரித்தால், பற்பசை ட்யூபை நடுவில் அழுத்தியதுபோல, தேங்கிய ரத்தம் இரண்டு பக்கமும் பிதுங்கிக் கிழிசலை நீளமாக்கிவிடும். அதனால்தான் வலி அடங்காதபோது, ரத்த ஓட்டம் நின்றுபோகும்போது, பி.பி. சரியும்போது, இடப்பக்க முதன்மைக் குழாயே பாதிக்கப்படும்போது மட்டும் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பற்றி யோசிப்போம்.

மாத்திரைகளில் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் பி.பி.யையும் குறைக்கும் மருந்து) இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். மறுபடி வரும் வாய்ப்பைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுவது அதைத்தான். பி.பி. ஏறாமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம். கொலஸ்ட்ரால் சரியாக உள்ளவருக்கு ஸ்கேடுக்காக மட்டும் ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. சீட்டில் இருந்தால் காரணம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது ஒரு விஷயத்தை நீங்களே கேளுங்கள். ஸ்கேட் வந்த பலருக்குக் கழுத்து, சிறுநீரகம், மூளை ஆகியவற்றின் ரத்தக்குழாய்ச் சுவரிலும் ‘ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்ப்ளேசியா’ என்ற கோளாறு இருக்கும். தலை முதல் இடுப்பு வரை சி.டி. ஆஞ்சியோ எடுத்தால் தெரிந்துவிடும். இது அடிக்கடி விட்டுப்போகிற பரிசோதனை.

மகனைத் தூக்குவதில் கவலை அவன் எடை மட்டுமல்ல, மூச்சை அடக்கி முக்குவதும்தான். உங்கள் மருத்துவர் சம்மதிக்கும்வரை நீங்கள் உட்கார்ந்துகொண்டு அவனை மடியில் ஏறச் சொல்லுங்கள். அப்புறம் தூக்கும்போதும் மூச்சை விட்டபடி தூக்குங்கள். அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டாம். நடைப்பயிற்சி அவசியம், இதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் இன்னும் நல்லது. கருத்தடைக்கு ஹார்மோன் மாத்திரை எடுப்பதாக இருந்தாலோ, இன்னொரு குழந்தைக்கு நினைத்தாலோ, முன்கூட்டியே இதய மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இது சிலருக்குத் திரும்ப வருவதுண்டு. நெஞ்சிலோ தாடையிலோ கையிலோ அதே மாதிரி வலி வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயதைப் பார்த்து “கேஸ் ட்ரபிளாக இருக்கும்” என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் இ.சி.ஜி. சரியாகவே இருக்கலாம், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள். “எனக்கு ஏற்கெனவே ஸ்கேட் வந்திருக்கிறது” என்று போனவுடனே சொல்லிவிடுங்கள். ஏனென்றால், மற்ற மாரடைப்புகளில் கொடுக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்கேடில் சுவருக்குள் கசிவைக் கூட்டிவிடலாம்.